மேலக்கா சைக்கிள் மிதித்த கதை

எங்கள் கட்டட வேலையிடத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. அறுபது மீட்டர் உயரத்தில், டவர் கிரேனின் கேபினுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் என்பதால் எல்லாருக்கும் அவர் மேலக்கா. நான் கீழே நின்று வாக்கிடாக்கியில் அவருக்கு வழி சொல்கிறவன். எதைத் தூக்க வேண்டும், எங்கே திருப்ப வேண்டும், இன்னும் எத்தனை அடி இறக்க வேண்டும் என்பதெல்லாம் என் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும். அதனால் எனக்குக் கீழண்ணன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வயதில் நான் அவரைவிட ஆறு வருடம் மூத்தவன். ஆனாலும் நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணா என்பார். இந்த உறவுமுறையைக் கேட்டுப் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தலையைச் சொறிவார்கள்.

இந்தக் கதை நடந்தபோது நாங்கள் சேர்ந்து வேலை பார்த்துப் பதினோரு வருடங்கள், நாலு கட்டடங்கள் ஆகியிருந்தன. அத்தனை காலத்தில் அவர் முகத்தைப் பார்த்ததைவிடக் குரலைக் கேட்டதுதான் அதிகம். குரலை வைத்தே மேலே காற்று எப்படி, வீட்டில் மகளோடு வாக்குவாதமா, வெயில் கண்ணாடி வழியாக முகத்தில் அடிக்கிறதா என்று சொல்லிவிடுவேன்.

அவர் முதலில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். கிரேன் ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பயிற்சிக்குப் போய், முப்பத்துமூன்று ஆண்களுக்கு நடுவே ஒரே பெண்ணாக உட்கார்ந்து, தேர்வில் இரண்டாவதாக வந்தார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர். எரியாத பல்பை மாற்ற ஸ்டூல் மேல் ஏறுவதற்கே பயப்படுகிற மனிதர். வீட்டில் உயரமான வேலையெல்லாம் அக்காவுடையது, ஊசியில் நூல் கோக்கிற வேலையெல்லாம் அவருடையது. இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

அக்காவின் கைத்திறனைப் பற்றி ஒன்று சொன்னால் போதும். இரண்டு டன் செங்கல் கட்டை அவர் இறக்கினால், கீழே நிற்கிறவனுக்குச் சத்தமே கேட்காது. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி வைப்பார்.

தினமும் காலை ஏழு மணிக்குள் அவர் மேலே இருக்க வேண்டும். கிரேனின் தூணுக்குள் பன்னிரண்டு இரும்பு ஏணிகள், ஒவ்வொன்றின் முடிவிலும் நின்று மூச்சு வாங்க ஒரு சிறிய தட்டு. லிஃப்ட் கிடையாது. கேபினுக்குப் போய்ச் சேர்ந்ததும் வாக்கிடாக்கியை அழுத்தி, வந்துவிட்டேன் என்று சொல்வார். வழக்கமாக எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். அந்த வருடம் அது பதினொன்று ஆனது, பிறகு பதினாலு. சொல்வதற்கு முன்னால் வாக்கிடாக்கியில் புஸ் புஸ்ஸென்று மூச்சுதான் முதலில் வரும். ஒருநாள் கேட்டேன். வயதாகிறது இல்லையா என்று சிரித்தார். நாற்பத்துநாலு ஒரு வயதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. தூக்க வேண்டிய கம்பிக் கட்டு காத்துக்கொண்டிருந்தது.

வருடாந்திர உடல் பரிசோதனையில் கம்பெனி மருத்துவர் அக்காவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். மற்றவர்களுக்கு அரை நிமிடம் வைத்தவர் இவருக்கு மூன்று நிமிடம் வைத்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவே காற்று ஊதுவது போல ஒரு சத்தம் கேட்கிறது, எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து நெஞ்சில் கருவியை வைத்து இதயத்தைத் திரையில் பார்த்தார்கள். இதயத்துக்குள் கதவு போல இருக்கும் வால்வுகளில் ஒன்று முழுசாக மூடவில்லை, ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்பக்கமாகக் கசிகிறது, ஆனால் லேசான கசிவுதான் என்று அறிக்கை வந்தது.

லேசான என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அக்கா சந்தோஷமாக வந்தார். ஆனால் அறிக்கை போய்ச் சேர்ந்தது எங்கள் பாதுகாப்பு அதிகாரியின் மேசைக்கு. ஹெல்மெட் சார் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். கழிவறைக்குப் போகும்போதுகூட ஹெல்மெட்டைக் கழற்றாதவர். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய இருபது வருட வேலையில் ஒருவர்கூட உயரத்திலிருந்து விழுந்ததில்லை, அந்தக் கணக்கைக் கெடுத்துக்கொள்ள அவருக்கு மனம் இல்லை. வால்வில் கோளாறு என்று எழுதியிருக்கிற ஒருவரைத் தனியாக அறுபது மீட்டருக்கு அனுப்ப முடியாது, மேலே மயக்கம் வந்தால் யார் இறக்குவது என்று கேட்டார். லேசானதுதானே சார் என்றதற்கு, லேசானது எப்போது பாரமாகும் என்று காகிதத்தில் எழுதியிருக்கிறதா என்று திருப்பிக் கேட்டார்.

என்னையும் கூப்பிட்டுக் கேட்டார். தினமும் அவரோடு பேசுகிறீர்களே, ஏதாவது வித்தியாசம் கவனித்தீர்களா என்றார். ஒன்றும் இல்லை சார் என்றேன். அக்காவுக்கு நல்லது செய்வதாகத்தான் அப்போது நினைத்தேன்.

அன்றே அக்காவைக் கீழே இறக்கி ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். கையுறை, இடுப்புப் பெல்ட், கண்ணாடி எடுத்துக் கொடுக்கிற வேலை. மூன்று நாளில் அந்த அறையைத் துடைத்து அடுக்கி, எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற மாதிரி ஆக்கிவிட்டார். வேலையாட்கள் தேவையில்லாத கையுறைக்கெல்லாம் வந்து நின்று பேசிவிட்டுப் போனார்கள். அவருக்குப் பதில் மேலே ஏறியவர் நல்ல மனிதர், ஆனால் கொக்கி ஆடும். ஒவ்வொரு முறை அது ஆடும்போதும் ஸ்டோர் ரூம் வாசலில் நிற்கும் அக்காவின் வலது கை, கண்ணுக்குத் தெரியாத ஒரு விசையை மெதுவாகப் பின்னுக்கு இழுக்கும். அதைப் பார்க்கச் சகிக்காமல் நான் திரும்பிக்கொள்வேன்.

ஒரு வாரம் கழித்து அவர் இதய மருத்துவரிடம் போனார். தலைமுடியை ஒட்ட வெட்டிய, அதிகம் பேசாத அம்மா அந்த மருத்துவர். வேலைக்குத் தகுதி என்று ஒரு கடிதம் வாங்கிவர வேண்டும், அவ்வளவுதான் அக்காவின் திட்டம். மூச்சு வாங்குகிறதா என்று மருத்துவர் கேட்டதும் இல்லை என்றார். மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வேலை என்ன என்று கேட்டார். அக்கா சொன்னார். எத்தனை ஏணி என்றார். பன்னிரண்டு. மூச்சு வாங்க முதலில் எந்த ஏணியில் நிற்பீர்கள் என்றார். அந்தக் கேள்விக்குப் பொய் தயாராக இல்லை.

"மூணாவதுல நிக்கறேன் மேடம். போன வருஷம் வரைக்கும் எட்டாவதுலதான் நிப்பேன்."

இதை என்னிடம் சொன்னபோது, ஏன் அக்கா வாயை விட்டீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் கையுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"நான் மேல மயங்கினா எனக்கு மட்டும் ஆபத்தா அண்ணா? என் கொக்கியில தொங்கறது உங்க தலைமேல தானே விழும்."

நான் ஹெல்மெட் சாரிடம் சொன்ன பொய் எவ்வளவு பெரியது என்று அப்போதுதான் உறைத்தது.

மருத்துவர் அக்காவுக்கு விளக்கியதை அக்கா எனக்கு விளக்கினார். முதல் எக்கோ அவர் படுத்திருக்கும்போது எடுத்தது. படுத்திருக்கிற இதயத்துக்கு என்ன சிரமம்? இவர் வேலை படுத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லையே. சிலருக்கு ஓய்வில் சொட்டுகிற கசிவு, உடம்பு வேலை செய்யும்போது பெரிதாகிவிடும். நுரையீரலுக்குள் அழுத்தம் ஏறி மூச்சு முட்டும். சிலருக்கு எவ்வளவு ஓடினாலும் கசிவு அப்படியே லேசாகத்தான் இருக்கும், மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கும். எது என்று தெரிந்துகொள்ள ஒரே வழி, இதயத்தை வேலை வாங்கிக்கொண்டே பார்ப்பது.

அந்தச் சோதனைக்கு ஒரு அறை. நடுவில் சாய்வான ஒரு படுக்கை, அதன் கால்மாட்டில் சைக்கிள் பெடல். படுக்கையை இடது பக்கமாகச் சாய்த்துவிடுவார்கள். நெஞ்சில் வயர்கள், கையில் ரத்த அழுத்தப் பட்டை, விலா எலும்புகளுக்கு நடுவே குளிர்ந்த பசை. பெரிய உடம்புக்காரர் ஒருவர் கருவியை அந்த இடுக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்ப்பார். அக்கா அவருக்கு எக்கோக்காரர் என்று பெயர் வைத்தார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை பெடலின் பாரத்தைக் கூட்டுவார்கள். இவர் வயதுக்கு நாடித்துடிப்பு நூற்றைம்பதைத் தொட வேண்டும்.

நூற்றுப் பன்னிரண்டில் அக்கா நிறுத்திவிட்டார். கால் வலிக்கிறது என்றார்.

மருத்துவர் திட்டவில்லை. இதில் பதில் எதுவும் இல்லை, நல்லது என்றும் சொல்ல முடியாது கெட்டது என்றும் சொல்ல முடியாது என்றார். அவர் பக்கத்து அறைக்குப் போனதும் எக்கோக்காரர் துடைக்கத் துணி கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"கால் வலிக்கறவங்க காலைப் பிடிப்பாங்கம்மா. நீங்க நெஞ்சைப் பிடிச்சீங்க."

அக்காவுக்கு முகம் சுண்டிப்போனது. உண்மை அதுதான். திரை அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. அதில் தன் இதயத்தின் வால்வு மெல்லிய கதவு போலத் திறந்து மூடுவதைப் பார்த்தார். வேகமாக மிதித்தால் அது பிய்ந்துவிடுமோ என்று பயந்துவிட்டார். பதினோரு வருடம் அந்தரத்தில் உட்கார்ந்து பயமே அறியாதவர், தரையிலிருந்து மூன்றடி உயரப் படுக்கையில் பயந்தார்.

ஆனால் அந்த நாள் வீணாகவில்லை. கிளம்பும்போது மருத்துவர் அக்காவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை, காகிதம் மாதிரி இருந்தது. உடனே ரத்தம் எடுத்தார்கள். ரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டிய அளவில் மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. மாதவிடாயைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் மருத்துவர் கேட்கக் கேட்க, விஷயம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

ஒரு மாலை, ஸ்டோர் ரூமைப் பூட்டும்போது அக்கா அதை என்னிடமும் சொன்னார், சாதாரண விஷயத்தைச் சொல்வது போல. மேலே கழிவறை கிடையாது. இறங்கி ஏற அரை மணி நேரம் போய்விடும், அத்தனை பேர் வேலையும் நிற்கும். ஆகவே காலையில் எழுந்ததிலிருந்து மதியம் வரை தண்ணீர் குடிக்க மாட்டார். தண்ணீர் இல்லாமல் சாப்பாடு இறங்காது என்பதால் காலையில் அரை வயிறுதான். இரண்டு வருடமாக மாதத்தில் ஏழெட்டு நாள் கடுமையான ரத்தப்போக்கு. அந்த நாட்களிலும் அதே பன்னிரண்டு ஏணி.

குரலை வைத்தே எல்லாம் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டிருந்தவன் நான். ஆண் ஆபரேட்டர்கள் ஒரு பாட்டிலோடு சமாளித்துக்கொள்வார்கள் என்று தெரியும். அவர் என்ன செய்கிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மறுநாள் காலை ஹெல்மெட் சாரின் அறைக்குப் போனேன். நான் சொன்னது பொய், பல மாதங்களாக அவருக்கு மூச்சு வாங்குவது எனக்குத் தெரியும் என்று சொன்னேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன், விழுந்தது. தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். பிறகு கழிவறை விஷயத்தைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கு வழுக்கை என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அக்கா ஒருவேளை திரும்பி மேலே போனால் பத்து மணிக்கு மாற்று ஆள் ஏறி விடுவிக்கட்டும், அட்டவணையில் போட்டுவிடுகிறேன் என்றார்.

"ஒருவேளை இல்ல சார், போகும்போது" என்றேன். அவர் பேனாவை எடுத்து அட்டவணையைத் திருத்தத் தொடங்கினார்.

மருத்துவர் பத்து வாரம் கொடுத்தார். ரத்தம் குறைந்தாலும் மூச்சு வாங்கும், வால்வு கசிந்தாலும் வாங்கும். முதலில் ரத்தத்தைச் சரிசெய்துவிட்டு, வால்வைப் பிறகு விசாரிக்கலாம் என்றார். மகளிர் நோய் மருத்துவர் ரத்தப்போக்குக்கு மருந்து கொடுத்தார். இரும்புச் சத்து மாத்திரை தினமும். சமையலறையைத் தையல்காரர் பிடித்துக்கொண்டார். கத்தரிக்கோலும் இஸ்திரிப் பெட்டியும் இருக்கிற வீட்டில் இரும்புக்குப் பஞ்சமா என்று சொல்லிக்கொண்டே கீரையும் பயறும் ஈரலும் மாற்றி மாற்றிச் சமைத்தார். சமையல் சுமார்தான், ஆனால் தட்டு காலியாகும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பாராம்.

ஆறாவது வாரத்தில் நடக்கலாம், படி ஏறலாம் என்று அனுமதி வந்தது. மதிய இடைவேளையில் அக்கா எங்கள் கட்டடத்தின் படிக்கட்டில் ஏறத் தொடங்கினார். முதல் நாள் நாலு மாடி. அப்புறம் ஐந்து, அப்புறம் ஆறு. வேலையிடம் முழுக்க அதே பேச்சு. பூச்சுக்காரர்கள் படிக்கட்டின் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் தேதி எழுதிவைத்தார்கள். வெல்டர்கள் பந்தயம் கட்டினார்கள், தோற்றவர் ஜெயித்தவருக்கு டீ வாங்கித் தர வேண்டும். ஒன்பதாவது வாரம் அவர் பதினாலாவது மாடியில் நின்று எட்டிப்பார்த்துக் கையசைத்தபோது, கீழே கலவை இயந்திரத்தை ஒருவர் நிறுத்தியே விட்டார்.

இரண்டாவது சோதனைக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். தையல்காரரும் வந்தார், கையில் ஒரு பள்ளிச் சீருடைச் சட்டையோடு. சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, பொத்தானாவது தைக்கிறேன் என்றார். நாங்கள் இருவரும் அந்த அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம்.

உள்ளே நடந்ததை அக்கா பிறகு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். படுத்ததும் அவர் கேட்ட முதல் விஷயம், திரையைத் திருப்பிவையுங்கள் என்பதுதான். எக்கோக்காரர் அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். இன்றைக்கு உங்கள் இதயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் சைக்கிளைப் பாருங்கள் என்றார். மருத்துவர் பக்கத்திலேயே நின்றார்.

முதல் இரண்டு கட்டங்கள் சமதளத்தில் போவது போல இருந்தன. மூன்றாவதில் தொடை சூடேறியது. போன தடவை நிறுத்திய இடம் எப்போது கடந்தது என்று அவருக்கே தெரியவில்லை. நாலாவதில் மேடு தொடங்கியது. வியர்வையில் கருவி வழுக்கிக்கொண்டே போனது. எக்கோக்காரர் அதை மறுபடி மறுபடி விலா இடுக்கில் பிடித்துவைத்தார், அவருக்கும் வியர்த்தது. நெஞ்சு வலிக்கிறதா, தலை சுற்றுகிறதா என்று மருத்துவர் கேட்கும்போதெல்லாம் அக்கா தலையை மட்டும் ஆட்டினார். ஐந்தாவது கட்டம். நூற்று நாற்பது. இதயம் காதுக்குள் அடித்தது. பயம் வந்ததா என்று கேட்டேன். வந்தது, ஆனால் பெடலைவிட்டுக் காலை எடுக்கவில்லை என்றார்.

வெளியே எங்களுக்குப் பெடல் சத்தம் மட்டும் கேட்டது. நிற்கவில்லை. தையல்காரர் ஊசியை நிறுத்திக் கொஞ்சம் கேட்டுவிட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார். சத்தம் வேகமாக வேகமாக அவர் தைக்கிற வேகமும் கூடியது. கடைசியில் பார்த்தால் சட்டைக் கையையும் முன்பக்கத்தையும் சேர்த்துப் பொத்தான் வைத்திருக்கிறார்.

நூற்றைம்பதைத் தொட்டதும் எக்கோக்காரர் படம் பிடிக்க ஆரம்பித்தார். மூச்சை விடுங்கள், கொஞ்சம் பிடியுங்கள், விடுங்கள் என்று சொல்லிக்கொண்டே நாலு கோணத்தில் எடுத்தார். நூற்று ஐம்பத்தெட்டில் மருத்துவர் போதும் என்றார். அக்கா மிதித்துக்கொண்டே இருந்தார்.

"போதும்மா, எல்லாம் கிடைச்சிடுச்சு."

"இன்னும் ஒரு ஏணி மேடம்."

அரை நிமிடம் கூட மிதித்துவிட்டுத்தான் காலை எடுத்தார். எக்கோக்காரர் சிரித்துக்கொண்டே பசையைத் துடைத்துவிட்டார். அவர் சிரிப்பிலேயே பாதிப் பதில் தெரிந்துவிட்டதாம்.

மருத்துவர் எங்களையும் உள்ளே கூப்பிட்டார். திரையில் இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. இடது பக்கம் ஓய்வில் இருந்த இதயம், வலது பக்கம் ஓடிய இதயம். ஓய்வில் கசிவு ஒரு சின்ன நிறக்கீற்றாகத் தெரிந்தது. வலது பக்கத்திலும் அதே கீற்றுதான், அதே அளவில். ஆனால் அதைச் சுற்றியிருந்த இதயம் வேறு ஆளாக இருந்தது. கை முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறப்பது போல ஒவ்வொரு துடிப்பிலும் முழுசாகச் சுருங்கி விரிந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது. நுரையீரல் பக்கம் அழுத்தம் இருக்க வேண்டிய அளவுக்குள், ரத்த அழுத்தம் ஏற வேண்டிய விதத்தில் ஏறியிருக்கிறது, துடிப்பில் தடுமாற்றம் இல்லை.

"வால்வு கசியுது, அது பொய்யில்ல. ஆனா உங்க வேலைக்கு அது குறுக்க நிக்கல. மூச்சு வாங்கினதுக்குக் காரணம் ரத்தம், அதை நீங்க சரிபண்ணிட்டீங்க" என்றார் மருத்துவர். வருடம் ஒருமுறை வந்து காட்ட வேண்டும், நடுவே மூச்சு வாங்கினால் அன்றே வர வேண்டும், மாத்திரையை அவர் சொல்லாமல் நிறுத்தக்கூடாது என்றும் சொன்னார்.

அக்கா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. இன்னொரு முறை அந்தப் படத்தைப் போடச் சொல்லிக் கேட்டார். மூன்று முறை பார்த்தார். தையல்காரர்தான் அழுதார். அழுதுகொண்டே, கையோடு சேர்த்துத் தைத்த சட்டையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஹெல்மெட் சார் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, எங்கள் எதிரிலேயே மருத்துவருக்குப் போன் போட்டார். பத்து நிமிடம் பேசினார். தனியாக மேலே இருப்பது சரியா என்று கேட்டார். அந்த உயரத்தில் எந்த மனிதரும் அவசரத்துக்கு ஆள் இல்லாமல் இருப்பது சரியில்லை, அதற்கு வால்வு காரணமில்லை, நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று பதில் வந்ததாம். நியாயம்தான் என்று போனை வைத்தார். அந்த வாரமே கேபினிலிருந்து ஆளை இறக்குகிற கயிறும் பெல்ட்டும் வாங்கி, எங்களில் நாலு பேருக்குப் பயிற்சி கொடுக்கவைத்தார்.

அக்கா திரும்பி ஏறிய காலை அவரும் வந்து நின்றார். முதல் நாள் நானும் கூடவே ஏறி நேரில் பார்க்கிறேன் என்றார். யார் சொல்லியும் கேட்கவில்லை. அக்கா முன்னால், அவர் பின்னால். கீழே அறுபது பேர் வேலையைத் தொடங்காமல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாவது ஏணி, மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது. அதற்குப் பிறகு அக்காவின் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றுதான் நகர்ந்தது, சாரின் வெள்ளை ஹெல்மெட் நின்றுவிட்டது. மஞ்சள் ஹெல்மெட் சற்று நின்று, கீழே குனிந்து ஏதோ கேட்டு, பிறகு சீராக ஏறிப்போனது. வாக்கிடாக்கி கரகரத்தது. குரலில் மூச்சு இரைக்கவே இல்லை.

"அண்ணா, ஹெல்மெட் சார் அஞ்சாவது தட்டுல உக்காந்திருக்கார். நல்லாத்தான் இருக்கார். ஒரு பாட்டில் தண்ணி மட்டும் அனுப்புங்க."

கடிகாரத்தைப் பார்த்தேன். இடையில் நின்ற நேரத்தையும் சேர்த்தே ஒன்பது நிமிடம்.

அந்த மாதக் கடைசியில்தான் மொத்தக் கட்டடத்திலும் பெரிய தூக்கு வந்தது. குளிரூட்டும் இயந்திரம், ஆறு டன், மொட்டை மாடிக்குப் போக வேண்டும். இரண்டு சுவர்களுக்கு நடுவே அதை இறக்கினால் பக்கத்துக்கு ஒரு கை அகலம்தான் இடைவெளி. கீழே எட்டு போல்ட்டுகள் நிமிர்ந்து நின்றன, இயந்திரத்தின் எட்டுத் துளைகளும் அதில் போய் உட்கார வேண்டும். காற்று எப்போது நிற்கும் என்று காலையிலிருந்து காத்திருந்தோம். பதினொன்றரைக்கு நின்றது. பத்து மணிக்கே இறங்கிவந்து, தண்ணீர் குடித்து, சாப்பிட்டு, மறுபடி ஏறியிருந்த அக்கா, தூக்கலாமா என்று கேட்டார்.

மொட்டை மாடியில் நான் நின்றேன். இயந்திரம் ஆடாமல் அசையாமல் சுவர்களுக்கு மேலே வந்து நின்றது. நான் அங்குலம் அங்குலமாகச் சொன்னேன். இடது கொஞ்சம். நில். இறக்கு. இறக்கு. ஒரு விரல்கடை. எட்டு போல்ட்டும் எட்டுத் துளைக்குள் நுழைந்ததை நான் குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், சத்தம் வரவில்லை. ஃபிட்டர்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். அது மாடி மாடியாகக் கீழே இறங்கியது. தெருவில் போகிறவர்கள் எதற்கு என்று தெரியாமலே நின்று தட்டினார்கள். வாக்கிடாக்கியை உயர்த்திப் பிடித்து அந்தச் சத்தத்தை அவருக்குக் கேட்கவைத்தேன்.

ஹெல்மெட் சார் கம்பெனியின் விதியை மாற்றி எழுதினார். வால்வில் லேசான கோளாறு என்று படுக்கவைத்து எடுத்த அறிக்கையை மட்டும் வைத்து யாரையும் இறக்கக்கூடாது, ஏற்றவும் கூடாது. உடம்பு வேலை செய்யும்போது இதயம் எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகே முடிவு. அடுத்த வருடம் எங்கள் வெல்டர் ஒருவரின் நெஞ்சிலும் இதே போலச் சத்தம் கேட்டது. அவருடைய சோதனை முடிவு வேறாக வந்தது. மிதிக்க மிதிக்கக் கசிவு பெரிதானது. முன்கூட்டியே தெரிந்ததால் நல்ல நேரத்தில் வால்வைச் சரிசெய்துவிட்டார்கள். இப்போது தரையில் ஒரு பட்டறைக்குப் பொறுப்பாக இருக்கிறார். சோதனைக்குப் பயந்துகொண்டிருந்த அவரை இழுத்துக்கொண்டு போய் அந்தப் படுக்கையில் படுக்கவைத்தவர் அக்காதான்.

அக்கா வருடாவருடம் போய் மிதித்துவிட்டு வருகிறார். நாலு வருடமாக அதே சின்னக் கீற்றுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

போன மாதம் புது வேலையிடத்துக்கு மாறினோம். அங்கே இரண்டு கிரேன்கள். ஒன்றுக்குப் பத்து ஏணி, மற்றதற்குப் பதினேழு. அக்காவுக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். அவர் இரண்டையும் அண்ணாந்து பார்த்துவிட்டு உயரமானதைக் கைகாட்டினார். ஏன் என்றேன். அதிலிருந்து கடல் தெரியுமாம் என்றார்.

மறுநாள் ஏறினார். தெரிகிறது என்றார்.